டிவிக்குப் பின்னால் ஒரு பல்லி

பழைய டிவி கெட்டுப்போனதால் அதே சுவரில் புது டிவியை மாட்டினார்கள். அதன் பின்னாலிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்தது.

"தினமும் ஏழு மணிக்கு இந்தக் குடும்பமே இங்க வந்து உட்கார்றது என்னைப் பார்க்கத்தான், தெரிஞ்சுக்கோ" என்றது.

"என்னைப் பார்க்க இல்லையா?" என்றது டிவி.

"பழையவனும் இதையேதான் கேட்டான். அவன் போயிட்டான், நான் இருக்கேன்."

ஏழு மணிக்கு சீரியல் ஆரம்பித்தது. ஊரிலிருந்து வந்த சம்பந்தி வாசலில் நின்றார். யாரும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உட்கார்ந்தபடியே "வாங்க, வாங்க" என்றார்கள்.

பல்லி நிதானமாக ஊர்ந்து திரையின் நடுவில் வந்து நின்றது. குடும்பமே அலறியடித்துக்கொண்டு எழுந்தது.

"பார்த்தியா மரியாதையை?" என்றது பல்லி. "சம்பந்திக்கே எழுந்திருக்காத ஜனங்க."