படுத்துக் கிடந்த கோடு

“மத்த இடத்துல எல்லாம் கோடு தரையைத் தொட்டதும் எழுந்துடுது. இங்க மட்டும் பாருங்க, படுத்துத் தூங்குது!”

கரும்பலகையில் வரைந்திருந்த வேக-நேர வரைபடத்தைத் தட்டினார் கணக்கு டீச்சர். வகுப்பு சிரித்தது.

அது பள்ளி வேனின் வரைபடம். வேன் தினமும் தாமதம். வண்டியில் இருந்த கருவி காட்டிய படத்தைத் தலைமையாசிரியர்தான் கொடுத்திருந்தார்.

“எங்க நிறுத்தறார்னு கண்டுபிடிங்க டீச்சர். டீக்கடைன்னா இன்னிக்கே சீட்டைக் கிழிச்சுடறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எங்கே நிறுத்துகிறார் என்று கேட்டதற்கு டிரைவர் வாயே திறக்கவில்லை. இப்போதும் கதவோரம் கைகட்டி நின்றார்.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

“ஏங்க, ஸ்பெஷல் கிளாஸுக்காக நான் விடியறதுக்குள்ள கிளம்பி வரேன். எங்க வீட்டுக்காரர் பாப்பாவைக் குளிப்பாட்டி, ரெட்டைப் பின்னல்கூட அவரே பின்னி, உங்க வேன்ல ஏத்தி விடறார். உங்களுக்கு மட்டும் நேரத்தோட அருமை தெரியலையா?”

டீச்சர் வகுப்பின் பக்கம் திரும்பினார்.

“பிள்ளைங்களா, படத்துல இடம் தெரியாது. ஆனா கோட்டுக்கு அடியில இருக்கிற பரப்புதான் வண்டி போன தூரம். கோடு தூங்கி எழுந்த இடத்துலேர்ந்து பள்ளிக்கூடம் வர்ற வரைக்கும் இருக்கிற முக்கோணம், செவ்வகம் எல்லாத்தையும் கூட்டுங்க.”

பென்சில்கள் ஓடின. முதல் பெஞ்சுப் பெண் கையைத் தூக்கி, பாதியில் இறக்கிக்கொண்டாள்.

“என்னடி, விடை வந்துடுச்சா?”

“பள்ளிக்கூடத்துலேர்ந்து ஆறு கிலோமீட்டர், டீச்சர்.”

“நீ அந்த வேன்லதானே வர்றே? அங்க என்ன கடை?”

“கடை இல்ல டீச்சர்...”

தலைமையாசிரியர் உள்ளே வந்தார். “பயப்படாம சொல்லும்மா.”

“டீச்சர் வீட்டு வாசல், சார்.”

டீச்சர் கையில் சாக்பீஸ் உடைந்தது.

“உங்க வீட்டு அங்கிள் சீப்பும் ரிப்பனுமா நிப்பாங்க. டிரைவர் மாமாதான் இறங்கிப் பாப்பாவுக்குப் பின்னி விடுவாங்க.”

டிரைவர் தொண்டையைச் செருமினார். “உங்க வீட்டு சார் சொல்ல வேண்டாம்னாருங்க. நான் ரெண்டு பொண்ணைப் பெத்தவன், கைப்பழக்கம். தலைவிரிகோலமா ஏறினா குழந்தை வழியெல்லாம் அழுதுட்டே வருது.”

படுத்துக் கிடந்த கோட்டை டீச்சர் பார்த்தார். டஸ்டரை எடுத்தவர், அழிக்காமல் கீழே வைத்தார்.

“எங்க வீட்டுக்காரர் பின்னக் கத்துக்கிற வரைக்கும், வேன் கொஞ்சம் முன்னாடியே கிளம்பட்டும், சார்.”