ஆத்தா வரட்டும்

புதுக்கோட்டை பயிற்சி மையத்தின் தேர்வில் முதலிடம் பெறுபவருக்கு மட்டுமே இலவசச் சீட்டு. ஒரே மதிப்பெண்ணில் அது ஜாஸ்பினுக்குத் தவறியிருந்தது. விடைத்தாளோடு வந்து நின்றாள்.

சென்னையிலிருந்து வந்திருந்த ஆசிரியர் வசந்த் கேள்வியைப் படித்தார்.

"'ஆத்தா வந்தால்தான் சாப்பிடுவேன் என்றார் ஆத்மநாதன். அவருடைய தாய் உயிரோடு இருக்கிறார் என்பது இதில் மறைந்திருக்கும் அனுமானமா?' ஆமாம்தானே? நீ 'இல்லை'ன்னு போட்டிருக்கே."

"'இல்லை'தான் சரி சார். எங்கப்பாவும் தினம் இதத்தான் சொல்றாரு."

"அப்ப உங்க அப்பத்தா உயிரோட இருக்காங்க. அவ்வளவுதானே?"

ஜாஸ்பின் அப்பாவை அழைத்து, செல்போனை ஸ்பீக்கரில் போட்டாள். "அப்பா, சார் பேசுறாரு."

"சாப்பிட்டீங்களா அய்யா?" என்றார் வசந்த்.

"ஆத்தா வரட்டும் சார்."

"உங்க அம்மாவா?"

"அவுக தவறி இருவது வருசமாச்சே! எம் மகளத்தான் ஆத்தாங்குறேன்."

வகுப்பே கைதட்டியது. வசந்த் சிரித்துக்கொண்டே விடைக்குறிப்பைத் திருத்தினார். 'ஆமாம்' என்று எழுதி முதலிடம் பெற்றிருந்தவருக்கு ஒரு மதிப்பெண் குறைந்தது; ஜாஸ்பினுக்கு ஒன்று கூடியது.

"அய்யா, இலவசச் சீட்டு ஆத்தாவுக்குத்தான்!"

"ரொம்ப சந்தோசம் சார். அப்ப வெரசா அனுப்பி வைங்க, பசியில உசுரு போகுது."