சிக்னல் குன்று

"மறுபடியும் எங்கய்யா கிளம்பிட்ட?"

மனைவி ஹந்தா கேட்டதற்கு நம்ஜில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தொப்பியின் காது மடல்களை இழுத்துக் கட்டினான்.

"குதிரைங்க எந்தப் பக்கம் போயிருக்குன்னு பார்த்துட்டு வந்துடறேன்."

"குதிரையைப் பார்க்க செல்போன் எதுக்கு?"

கூடாரத்துக் கதவு சாத்திக்கொண்டது.

இந்த வருஷம் பனி இறுகிப் புல்லை மூடியதில் பாதி ஆடுகள் செத்துவிட்டன. மிச்சத்தையாவது பார்ப்போம் என்றில்லாமல் மனுஷன் தினமும் குன்று ஏறுகிறான். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

பக்கத்துக் கூடாரத்து பக்மா நேற்றே பற்றவைத்துவிட்டுப் போயிருந்தாள். "போன்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாருக்கா. 'குளிருதா, கம்பளி பத்துதா'ன்னு கரிசனம் வேற! பட்டணத்துல, உலான்பாத்தர்ல யாரோ..."

"இந்த மூஞ்சிக்கா?" என்று ஹந்தா சிரித்துவிட்டாள். ஆனால் அப்புறம் தூக்கம் வரவில்லை.

இன்று பொறுக்க முடியாமல் அவளும் கிளம்பினாள். பனியில் அவன் பதித்துப்போன தடத்திலேயே கால் வைத்து ஏறினாள்.

உச்சியில் பாறை மறைவில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தொப்பியைக் கழற்றினால் குளிரில் காது உதிர்ந்துவிடும்; அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்திக்கொண்டிருந்தான்.

"உங்களை நினைக்காத நாளே இல்லைங்கறா, அத்தை!"

ஹந்தா அப்படியே நின்றாள்.

அவளுடைய அம்மா! நாட்டின் மேற்குக் கோடியில் மகனோடு இருக்கிறாள். போன கோடையில் ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் முன்னால், "என் மக போடற டீ பாத்திரம் கழுவின தண்ணிதான்" என்று சொல்லித் தொலைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது. 'அவளே முதல்ல கூப்பிடட்டும்' என்று இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு.

"'அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு, கேட்டுட்டு வாங்க'ன்னு அழுது அனுப்பினா, அத்தை. ஆடுங்களை விட்டு நகர முடியல. இல்லேன்னா அவளே வந்திருப்பா."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட இருமல். பிறகு சிரிப்பு.

"மாப்பிள்ளை, நீங்க நல்லவரு. ஆனா பொய் சொல்ல வரல. அவ நான் பெத்தது. இவ்வளவு இதமா அவளுக்குப் பேசத் தெரியாது."

நம்ஜில் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"பரவாயில்ல. நாளைக்கும் வந்து சொல்லுங்க. கேக்க நல்லா இருக்கு."

ஹந்தா பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினாள். அதற்குள் கத்தினாள்.

"ஏ கிழவி! இவ்வளவு இருமலை வச்சுக்கிட்டு அங்க என்ன சிரிப்பு? வாயை மூடிக்கிட்டு அடுப்புப் பக்கத்துல போய் உட்காரு!"

"மாப்பிள்ளை..." அம்மாவின் குரல் நடுங்கியது. "இது நிஜமாவே என் மகதான்!"