நனையாத கை

இடக்கொச்சியில் மாப்பிள்ளை வீட்டு இலையில் கரிமீன் வறுவல் விழுந்ததும், வேலனின் குடல் துள்ளித் தொண்டைக்கு வந்தது.

மகள் அம்பிளிக்குச் சம்பந்தம் பேசி முடித்தாயிற்று. பெண்ணின் தகப்பன் இந்த வீட்டில் கை நனைத்து ஒரு பிடி தின்றால் உறுதி. தின்னாமல் எழுந்தால் முறிவு. பூட்டன் திருநெல்வேலியிலிருந்து கொச்சிக்குக் கட்டிக்கொண்டு வந்த சட்டம்.

கூட வந்த உறவுக்காரர்கள் கவலைப்படவில்லை. தின்பதற்கு வேலனை விட்டால் ஆளா?

மட்டாஞ்சேரிச் சாக்கடையில் முப்பத்தாறு வருஷம் இடுப்பளவு இறங்கிய கார்ப்பரேஷன் தொழிலாளி. ஆட்டுக்குட்டி அளவு செத்த பெருச்சாளியைக் கரையில் எறிந்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு அண்டா கப்பைக்கிழங்கும் மத்திமீன் கறியும் முடித்தவர். தனக்கு மூக்கு இருப்பதே அவருக்கு இந்த மாதம்தான் தெரியும்.

எல்லாம் அந்தப் புது சர்க்கரை ஊசியால். அமெரிக்காவில் ஏதோ பல்லியின் எச்சிலில் கண்டுபிடித்ததாம். வயிறு நிறைந்ததும் குடல் மூளைக்குப் 'போதும்' என்று சொல்லி அனுப்புமே, அதை இலை போடும் முன்பே சொல்லிவிடுமாம். நர்ஸ் வேலை பார்க்கும் அம்பிளிதான் காலையும் மாலையும் வயிற்றில் குத்திவிடுவாள்.

இத்தனை நாள் பசிதான் மந்தமாக இருந்தது. இன்று மீன் முறைத்தது. தேங்காய்ப்பால் சீழாகத் தெரிந்தது. சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றும் நெளிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா சுப்புராஜ் ஐந்து விரலையும் நக்கிவிட்டு, அதே கையால் இன்னொரு மீனை வைத்தார்.

"கூச்சப்படாமத் தின்னுங்க சம்பந்தி. உங்க மக நர்ஸ் ஜோலிய விட்டுட்டு இங்க வந்தா, தினமும் இதுதான் பொரிக்கப்போறா."

வேலன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டைக் கிள்ளினார். அது உதட்டைத் தொடும் முன்பே, காலையில் குடித்த சாயா கரிமீனின் மேல் கொட்டியது.

பந்தி மொத்தமும் எழுந்து ஓடியது.

சுப்புராஜின் மனைவி ஆவுடையம்மாள் மட்டும் கரண்டியோடு நின்றாள். "இஷ்டமில்லேன்னா வாயால சொல்லியிருக்கலாமே."

பொழுது சாய வீடு வந்த வேலன் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "என் வயிறு உன் கல்யாணத்தக் கெடுத்துடுச்சு மோளே."

அம்பிளி உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை நீட்டினாள்.

அவர் வழக்கம்போலச் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார்.

அவள் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள்.

"இன்னிக்கு இனி வேண்டாம்ப்பா. சாயங்காலம் போட வேண்டிய ஊசியையும் சேர்த்துக் காலையிலேயே போட்டுட்டேன்."