சுக்கினி

தோலைச் சீவுவதா, அப்படியே விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளரிக்காயைப் போல இருந்தது. வெள்ளரிக்காய் இல்லை. தடவினால் வழவழப்பு. முகர்ந்தால் ஒன்றுமில்லை.

சுக்கினி என்று கடையில் பில் போடும் பெண் சொல்லியிருந்தாள். எப்படிச் சமைப்பது என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

"எங்க வீட்ல யாரும் சாப்பிட்டதில்லைங்க்கா. ஓட்டல்காரங்கதான் வாங்கிட்டுப் போவாங்க."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அவள் மூன்று காய் எடுத்துக் கூடையில் போட்டாள்.

யாரும் சாப்பிட்டதில்லை.

அவரும் சாப்பிட்டதில்லை.

முன்னறையில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தொண்டைக்குக் கதிர்வீச்சு கொடுத்து முடித்து ஏழு வாரம். புற்று போய்விட்டது என்றார்கள். கூடவே ருசியும் போய்விட்டது. திரும்பி வரும் என்றார் டாக்டர். எப்போது என்று அவள் கேட்டாள். சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு ஒரு வருடம், அவசரப்படக் கூடாது என்றார்.

எதை வாயில் வைத்தாலும் இரும்பு. முப்பத்தோரு வருடம் பவுண்டரியில் வார்ப்பு வேலை பார்த்தவர். இரும்பு எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கத்திரிக்காய்க் கூட்டு வைத்தாள். இது கத்திரிக்காயே இல்லை என்றார். பூசணி வைத்தாள். முருங்கைக்காயை வேகவைத்து, சதையை மட்டும் வழித்துப் பருப்பில் போட்டாள். எல்லாவற்றிலும் ஒரே ஒரு வாய். பிறகு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். கோபம் அவள்மேல் இல்லை. காயின்மேல். இத்தனை வருடம் தெரிந்திருந்த காய் இப்படி மாறிப்போனதன்மேல்.

எடை ஐம்பத்தொன்று. திங்கட்கிழமை பார்க்கும்போது அதற்கும் கீழே போயிருந்தால் மூக்கு வழியாகக் குழாய்.

வார்டில் குழாய் வைத்த ஒருவரை அவர் பார்த்திருக்கிறார். வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "எனக்கு அது வேண்டாம்" என்றார்.

முன்னே பின்னே தெரியாத காயாக இருந்தால்?

இப்படி இருக்காதே என்று எதை வைத்துச் சொல்வார்?

செவ்வாய்க்கிழமை பொரியல் செய்தாள். மூடி போட்டு வேகவைத்ததில் காய் தண்ணீர் விட்டுக் குழைந்து கஞ்சியாகிவிட்டது. அவர் ஒரு வாய் வைத்தார். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்.

புதன்கிழமை துருவிப் பிழிந்து தோசை மாவில் கலந்து ஊற்றினாள். கல்லைவிட்டு எழும்பவில்லை. சுரண்டிக் குப்பையில் போட்டாள்.

பெங்களூரிலிருந்து மகள் சங்கவி வீடியோ அனுப்பினாள். அதில் ஒரு பெண் சீஸைத் துருவித் துருவிப் போட்டுக்கொண்டே இருந்தாள். இவள் பாதியிலேயே போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இன்று வியாழன். கடைசிக் காய்.

மிளகாய் கூடாது. மிளகும் வாயை எரிக்கும். புளி கூடாது. கடுகு கடிபட்டால் குத்தும். இதெல்லாம் இல்லாத சமையலை ஐம்பத்தெட்டு வயதில் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. மூன்று வேளையும். ஒவ்வொரு வேளையும் இரண்டு விதமாக.

தோலைச் சீவவில்லை. அலுப்பாக இருந்தது.

வட்டவட்டமாக நறுக்கினாள். தோசைக்கல்லில் நெய் விட்டுப் பரப்பினாள். தண்ணீர் தெளிக்கவில்லை. மூடவில்லை. கிளறவும் தோன்றவில்லை. மேடையில் இரண்டு கையையும் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

வாசனை வந்தது.

கருகிவிட்டதோ என்று அவசரமாகத் திருப்பினாள். அடிப்பக்கம் செம்பழுப்பாக முறுகியிருந்தது. நிலக்கடலை வறுக்கிற வாசனைக்குக் கிட்டத்தில் ஏதோ ஒன்று. இரண்டு நாளும் இந்தக் காயிடம் அது இருந்ததே தெரியவில்லை.

மறுபக்கமும் அப்படியே விட்டாள். எடுத்து மசித்தாள். புளிக்காத தயிரில் கலந்தாள். சீரகத்தை நெய்யில் பொரித்து நசுக்கிச் சேர்த்தாள். குழைந்த சோற்றில் கொஞ்சம் எடுத்துப் பிசைந்து, கிண்ணத்தில் கொண்டுபோனாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். ஸ்பூனை வாங்கிக்கொண்டார்.

ஒரு வாய்.

விழுங்க நேரமாகும். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தால் அவளுக்காக விழுங்குவார்.

இரண்டாவது வாய்.

"இது எப்படி இருக்கோணும்?" என்றார்.

"தெரியலைங்க. நானும் இப்பத்தான் பாக்கறேன்."

அவர் தலையை ஆட்டினார். மெதுவாக மென்றார். மூன்று. நான்கு. கிண்ணம் பாதியான இடத்தில் ஸ்பூன் நின்றது.

அவள் கையை நீட்டினாள், கிண்ணத்தை வாங்கிக்கொள்ள.

அவர் கொடுக்கவில்லை.

"உப்புப் பத்தல, மரகதம்."

அவள் சமையலறைக்குப் போனாள்.

மசித்த பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

ஆமாம். உப்புக் குறைவுதான்.

ஜாடி கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அவள் எடுக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே விண்விண்ணென்று தெறித்தன. எத்தனை நாளாக இப்படி வலிக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முன்னறையில் ஸ்பூன் கிண்ணத்தில் படும் சத்தம் கேட்டது.

உப்பு வரும்வரை அவர் காத்திருக்கவில்லை.