வெளுத்துப்போன நியூ

'நியூ அமுதா மெஸ்' பெயர்ப்பலகையில் இருந்த நியூவுக்கு அலுத்துப்போயிருந்தது. அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுப் பிரிந்த காலத்தில், தம்பி கடைக்கு அடையாளமாக எழுதப்பட்ட சொல் அது. அண்ணன் கடையை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. நியூவும் வெயிலில் வெளுத்து, பாதி உரிந்து கிடந்தது.

"உன்னைப் பார்த்தா புதுசுன்னு எவன் நம்புவான்?" என்றது பலகைக்குப் பின்னால் குடியிருந்த பல்லி.

"நானே நம்பலை. எப்போ அழிப்பாங்கன்னு காத்துக்கிட்டிருக்கேன்."

ஒருநாள் அண்ணனின் பேரன் எதிரிலேயே கடை திறந்து, அவனும் 'நியூ அமுதா மெஸ்' என்றே பலகை மாட்டினான். மறுநாள் காலையிலேயே இந்தப் பக்கம் பெயிண்டர் ஏணியோடு வந்தார். அப்பாடா என்று நியூ கண்ணை மூடிக்கொண்டது.

"நியூ மேல கை வெச்சுடாதீங்க, ராசியான எழுத்து," என்று கல்லாவிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

பெயிண்டர் தலையாட்டிவிட்டு, அதற்கு முன்னால் 'பழைய' என்று பளபளவென்று எழுதி இறங்கிப்போனார்.

"வணக்கம்ணே," என்றது ஈரம் காயாத பழைய. "நான் இன்னைக்குத்தான் வந்தேன். இங்க வேலை எப்படி?"

நியூ மெதுவாகக் கண்ணைத் திறந்தது.

"நின்னுக்கிட்டே இருக்கணும் தம்பி. கால் கடுக்கும். பழகிடும்."