தன் விருப்பத்தின் பேரில்

"மேடம், அந்த அம்மாவும் பொண்ணும் வந்திருக்காங்க. உள்ள அனுப்பட்டுமா?" அலுவலக உதவியாளர் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

கல்லூரியின் நல அலுவலர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டார். இந்த மாதத்தில் இது மூன்றாவது. முழங்கால் போன கால்பந்துக்காரன் ஒருவன், தோள்பட்டை இறங்கிப்போன மல்யுத்தக்காரன் ஒருவன். இருவருக்கும் சொன்ன அதே பதிலைத்தான் இவர்களுக்கும் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி அது மனப்பாடமாகிவிட்டிருந்தது.

சக்கர நாற்காலி வாசலில் முட்டிக்கொண்டது. பின்னால் நின்ற அந்த அம்மா அதைத் திருப்பி, பின்பக்கமாக இழுத்து, ஒரு குலுக்கல் இல்லாமல் உள்ளே கொண்டுவந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பு வலிக்காகக் கட்டியிருந்த பட்டை, உடைக்கு மேலேயே துருத்திக்கொண்டு தெரிந்தது.

நாற்காலியில் இருந்தவளுக்கு இருபத்தெட்டு வயது. எட்டு வருடங்களுக்கு முன் இந்தக் கல்லூரிக்காக ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் தாவியபோது, கால் இடறித் தலைகுப்புற விழுந்தவள். அன்றோடு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

அலுவலர் மனுவைப் புரட்டினார். உடன் வருபவரின் உறவுமுறை என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அலைச்சலில் விட்டுவிட்டார்கள் போல என்று, தானே பேனாவை எடுத்துத் 'தாய்' என்று எழுதி நிரப்பினார்.

"சொல்லுங்கம்மா."

"கையில காசா எதுவும் கேக்கல மேடம். பிசியோதெரபி, வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரி, கூட இருந்து பாத்துக்க ஒரு ஆள். இவ இருக்கிற வரைக்கும். அவ்வளவுதான்."

"முதல் வருஷம் முழுக்கக் காலேஜ்தானேம்மா பாத்துக்கிச்சு?"

"பாத்துக்கிச்சு. படிப்புக் காலம் முடிஞ்சிடுச்சுன்னு அப்புறம் நிறுத்திட்டாங்க."

"படிப்பு முடிஞ்சிடுச்சு, சரி. கால் எழுந்து நிக்கலையே மேடம்," என்றாள் நாற்காலியில் இருந்தவள். குரலில் கோபம் கூட இல்லை. "நான் ஜெயிச்ச கப்பை மட்டும் இன்னும் பளபளன்னு துடைச்சு வச்சிருக்காங்க. வர்ற வழியில பாத்தேன்."

அலுவலர் மனுவை மூடினார். மனப்பாடப் பதில்தான் கைகொடுத்தது. "உங்க கஷ்டம் புரியுது. ஆனா நீங்க இப்ப மாணவி கிடையாது. பழைய மாணவர்களுக்குச் செய்ய விதியில இடமில்ல."

அந்த அம்மா நாற்காலியின் கைப்பிடியை விடாமல் பேசினார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இவளைத் திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லேன்னா முதுகுல புண்ணு வந்திடும். இத்தனை வருஷம் நான் செஞ்சுட்டேன். இப்ப என் இடுப்பு ஒத்துழைக்க மாட்டேங்குது. எனக்கப்புறம் இவளை யாரு திருப்பிப் போடுவா?"

அலுவலர் கோப்பின் அடியில் இருந்த பழுப்பேறிய தாளை உருவினார். அவர் இங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான். அதற்கு முந்தையது எல்லாம் அவருக்குத் தாளில் படித்ததோடு சரி.

"விதியைக் கூட வளைச்சுப் பாக்கலாம்மா. இந்த விசாரணை அறிக்கைதான் பிரச்சினை." வாய்விட்டே படித்தார். "'பயிற்சியாளரின் வாக்குமூலத்தின்படி, மாணவி தன் கணுக்கால் வலியை மறைத்து, தன் விருப்பத்தின் பேரில் களமிறங்கினார்.' தப்பு இவங்க மேலதான்னு முடிச்சிருக்காங்க. இது இருக்கிற வரைக்கும் நிர்வாகம் அசையாது."

நாற்காலியில் இருந்தவள் சட்டென்று அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "போகலாம், வாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

படியேறி இறங்கி அந்த அம்மா படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார் அலுவலர். அவர்கள் அப்படியே திரும்பிப் போயிருந்தால் அவருக்கும் வேலை முடிந்திருக்கும். ஆனாலும் மனம் கேட்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் சொன்னதா வெளிய தெரிய வேணாம். ஒரே ஒரு வழி இருக்கு. வலிக்குதுன்னு அன்னைக்கு இவங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும். அந்த ஆள் வந்து எழுதிக் கொடுத்தா, இந்த ஃபைலை நானே மறுபடியும் எடுக்கிறேன். ஆயுசுக்கும் காலேஜ் பாத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

மைதானத்தில் விசில் ஊதுவது கேட்டது. அந்த அம்மா தன் மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"சொன்னா மேடம். எங்கிட்டதான் சொன்னா. கணுக்கால் வீங்கிப்போயிருந்திச்சு. ஊன்ற முடியலன்னு அழுதா."

"வேணாம்னு சொன்னேன்ல," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் நாற்காலியில் இருந்தவள்.

அலுவலர் பெருமூச்சு விட்டார். கோப்பை மூடி நாடாவைக் கட்டத் தொடங்கினார். "அது செல்லாதும்மா. பெத்தவங்க பிள்ளைக்காக எதை வேணும்னாலும் சொல்லுவாங்கன்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க."

அந்த அம்மா எட்டிக் கோப்பின் மேல் கையை வைத்தார்.

"பெத்திருந்தா அந்தக் காலோட இறக்கிவிட்டிருப்பேனா மேடம்? நான் இவ கோச்."